30 அம்பியர் காணுமா, த்ரீ ஃபேஸ் எடுக்கவா? உப்புவெளி வீட்டுக்கு ஒரு கணக்கு

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். திருகோணமலை உப்புவெளியில் கீழ்வீடு ஏற்கனவே இருக்கிறது, இப்போது மேலே இரண்டு அறை கட்டி சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார். இரண்டு அறைக்கும் ஏசி, சுடுதண்ணி சவர். ஒரு வயரிங் பாஸ், அதாவது வயரிங் வேலை செய்கிறவர், "த்ரீ ஃபேஸ் எடுக்காவிட்டால் நான் வேலைக்குக் கை வைக்க மாட்டேன்" என்கிறாராம். இன்னொருவர் "இருக்கிற 30 அம்பியரே காணும், சும்மா காசைக் கரியாக்காதீங்க" என்கிறாராம். யார் சொல்வது சரி, லோடை எப்படிக் கணக்குப் பார்ப்பது? (சிங்கிள் ஃபேஸ் என்றால் வீட்டுக்குக் கரண்ட் கொண்டுவருகிற லைன் ஒன்று, த்ரீ ஃபேஸ் என்றால் மூன்று.)

இரண்டு பேருமே பேனை எடுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருவர் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிப் பயந்துவிட்டார், மற்றவர் கூட்டவே இல்லை. நாங்கள் பேனையை எடுப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நீங்கள் கேள்வியோடு "மாதம் 180 யூனிட்தான் போகிறது, அது பெரிய லோடா?" என்றும் கேட்டிருந்தீர்கள். யூனிட் என்பது மாதம் முழுக்க எவ்வளவு தண்ணீர் அள்ளினீர்கள் என்ற கணக்கு, லோட் என்பது ஒரே நேரத்தில் எத்தனை வாளி கிணற்றுக்குள் இறங்குகிறது என்ற கணக்கு. 180 யூனிட்டை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 6 யூனிட், அதை 24 மணிக்குப் பிரித்தால் சராசரி 250 வாட், ஒரு அம்பியரும் கொஞ்சமும். அதே வீட்டில் பின்னேரம் 7 மணிக்கு 5000, 6000 வாட் இழுத்துக்கொண்டிருக்கலாம். வயர் சூடாவதும் சுவிச் விழுவதும் அந்த 7 மணிக்குத்தான், அதனால் கரண்ட் பில்லை மடித்து வைத்துவிட்டு வாருங்கள்.

கணக்கு லேசானது. வாட்டை 230ஆல் வகுத்தால் அம்பியர். 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு என்றால் 30 தர 230, அதாவது 6900 வாட். மோட்டர் உள்ள சாமானுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தண்ணீர்ப் பம்பில் 1 குதிரைவலு, 746 வாட் என்று எழுதியிருப்பது மோட்டர் தண்டில் வெளியே தரும் வேலை, கம்பியில் இருந்து இழுப்பது அதைவிடக் கூட, ஏறக்குறைய 1100 வாட். மோட்டர் வேலைக்கு ஆகாத கொஞ்சக் கரண்டையும் சேர்த்து இழுக்கும், பவர் ஃபேக்டர் என்பது அதைத்தான், அதையும் சேர்த்தால் 6 அம்பியர் வரை போகும். தகட்டில் அம்பியர் எழுதியிருந்தால் வாட்டை விட்டுவிட்டு அதையே எடுங்கள். ஏசியும் அப்படித்தான், அதில் எழுதியிருக்கும் 12000 பிடியூ என்பது அது ஒரு மணி நேரத்தில் அறையில் இருந்து வெளியே தள்ளும் வெப்பம், சுமார் 3500 வாட்டுக்குச் சமம், ஆனால் கரண்டாக இழுப்பது 1100 வாட் அளவில்தான். இந்த 3500ஐ அப்படியே லோடில் எழுதிவிட்டு "ஐயோ" என்று தலையில் கை வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சரி, ஒரு கொப்பித் தாளில் வீட்டைச் சுற்றி நடந்து எழுதுங்கள். உங்கள் வீடு இப்படி இருக்கும் என்று நான் ஊகித்து எழுதுகிறேன், தகட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக எல்ஈடி லைட் 25, ஒன்று 10 வாட் வீதம் 250. சீலிங் ஃபேன் ஆறு, 75 வீதம் 450. பிரிட்ஜ் 150. டிவி, வைஃபை, போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 200. ரைஸ் குக்கர் 700. கேத்தல் 2000. அயன் 1200. மேலே திறக்கிற வாஷிங் மெஷின் 400 (முன்னால் கதவுள்ள, தானே தண்ணி சூடாக்குகிற வகை என்றால் 2000 வாட் எழுதுங்கள், வித்தியாசம் பெரிது). கிரைண்டர் 500. கிணற்றுப் பம்ப் 1100. மின் அடுப்பு ஒன்று 2000, ஏனென்றால் 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற பிறகு அநேகம் வீடுகளில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், உங்கள் அம்மாவும் வைத்திருப்பார். மேலே இரண்டு ஏசி 2200. இரண்டு சவர் ஹீற்றர், உடனுக்குடன் சூடாக்குகிற சின்ன வகை, 3500 வீதம் 7000.

கூட்டினால் 18150 வாட். 230ஆல் வகுத்தால் 79 அம்பியர். முதல் பாஸ் பயந்தது இதைப் பார்த்துத்தான்.

ஆனால் எந்த வீட்டிலும் அயன் பண்ணிக்கொண்டே கிரைண்டரைப் போட்டு, உடுப்பும் கழுவி, கேத்தலையும் கொதிக்கவிட்டு, இரண்டு அறைக்காரரையும் ஒரே நிமிடத்தில் சவருக்குக் கீழே நிற்க வைப்பதில்லை. ஆக வீட்டிலேயே மோசமான அந்த அரை மணி நேரம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. பிரிட்டிஷ் வயரிங் விதிகளை ஒட்டிய கையேடுகளில் இதற்கு ஒரு கழிவுக் கணக்கு உண்டு: லைட் லோடில் 66 சதவீதம் எடு, பிளக் சுற்றுகளில் பெரியதை முழுதாக எடுத்து மற்றவற்றில் 40 சதவீதம் எடு, அடுப்புக்கு முதல் 10 அம்பியரும் மிச்சத்தில் 30 சதவீதமும் எடு, என்று போகும். நல்ல கணக்குத்தான், ஆனால் அது குளிர் நாட்டு வீட்டுக்கு எழுதியது. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற திருகோணமலைப் பின்னேரத்தில் ஒரு ஃபேன்கூட நிற்காது, ஏசி இரண்டும் மூச்சுவிடாமல் ஓடும். அதனால் நான் லைட்டுக்கு மட்டும் கழிவு கொடுப்பேன், ஃபேனுக்கும் ஏசிக்கும் ஒரு சதம் குறைக்க மாட்டேன். இன்வேட்டர் ஏசி நடு இரவில் குறைத்து இழுக்கும் என்பது உண்மை, ஆனால் கடலில் குளித்துவிட்டு வந்தவர் வெந்துபோன அறையைத் திறந்து 18இல் வைக்கிற முதல் அரை மணி நேரம் அது முழுதாகத்தான் இழுக்கும், எங்களுக்கு வேண்டியது அந்த அரை மணி நேரம்.

ஆக ஓகஸ்ட் மாதம், பின்னேரம் 7 மணி. லைட் 165, ஃபேன் 450, பிரிட்ஜ் 150, டிவி வகையறா 200, ஏசி 2200, ரைஸ் குக்கர் 700, மின் அடுப்பு 2000. மொத்தம் 5865 வாட், 25.5 அம்பியர். அந்த நேரம் பார்த்து மேல்தாங்கி வற்றி பம்ப் ஓடினால் 6965, அதாவது 30 அம்பியரைத் தொட்டுவிட்டீர்கள். யாரோ பிளேன்ரீக்குக் கேத்தலைப் போட்டால் 39.

இதுவரை ஹீற்றரைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பம்ப், கேத்தல் இல்லாத அந்த 25.5க்கு மேல் ஒரு ஹீற்றர் ஓடினால் கிட்டத்தட்ட 41 அம்பியர், இரண்டும் ஓடினால் 56. அதாவது உங்கள் கேள்விக்குப் பதில் ஏசியில் இல்லை, எல்லாரும் ஏசியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் ஒரு சவர் ஹீற்றர் மூன்று ஏசிக்குச் சமம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு வைத்திருக்கிற ஊரில், குழாயைத் திறந்தாலே மத்தியானத்தில் சுடுதண்ணி வருகிற ஊரில், இந்த ஹீற்றர் யாருக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்கிறீர்கள், சரி, வியாபாரம். அப்படியானால் கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைக்கலாம், அல்லது 1500 வாட்டில் மெதுவாகச் சூடாக்கிச் சேமித்து வைக்கிற தொட்டி ஹீற்றரை நேரக் கருவி போட்டு மத்தியானத்தில் ஓட்டலாம். உடனடி ஹீற்றர்தான் வேண்டும் என்று நின்றால் 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ் கதை அங்கேயே முடிந்தது, முதல் பாஸ் சொன்னது சரி, காரணம்தான் வேறு.

"31 போனால் சுவிச் விழுந்துவிடுமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். விழாது. எம்சிபி, அதாவது லோட் கூடினால் தானே விழுகிற சின்ன சுவிச், அவ்வளவு ரோசக்காரன் இல்லை. வீட்டு வகை எம்சிபி தன் அளவின் 1.13 மடங்கை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், தரம் அப்படித்தான் சொல்கிறது. 30க்கு அது 34உம் 43.5உம். அதனால்தான் 39 அம்பியர் ஐந்து நிமிடக் கேத்தலுக்கு ஒன்றும் ஆகாது, "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று இரண்டாவது பாஸும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 40இல் முக்கால் மணி நேரம் ஓடும்போது சுவிச் யோசித்துக்கொண்டு நிற்கும், அதற்குள் சூடு ஏறுவது வயரும் இணைப்புத் திருகுகளும்.

இதோடு ஒட்டின இன்னொரு தப்பெண்ணம் உண்டு, திருகோணமலையில் மட்டுமில்லை, எங்கேயும் கேட்கிறேன்: "ட்ரிப் சுவிச்சில் 40 என்று போட்டிருக்கு, அப்ப 40 வரைக்கும் அது பார்த்துக்கொள்ளும்தானே?" பார்த்துக்கொள்ளாது. ட்ரிப் சுவிச் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று மட்டும்தான் பார்க்கும், 30 மில்லி அம்பியர் எங்கேயாவது ஒழுகினால் விழும். 60 அம்பியர் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பினால் அது சிரித்துக்கொண்டு இருக்கும், கருகிப் போகும் வரைக்கும். அந்த 40 என்பது அது தாங்கக்கூடிய அளவு, காவல் காக்கிற அளவு இல்லை. ஓவர்லோடைப் பார்ப்பது எம்சிபி மட்டும். அதற்காக ட்ரிப் சுவிச்சை அலட்சியப்படுத்தாதீர்கள், எங்கள் வீடுகளுக்கு எர்த் என்பது வளவில் நாங்களே இறக்கிற கம்பிதான், உப்புவெளி மணல் கச்சான் காலத்தில் காய்ந்து கிடக்கும்போது அந்த எர்த்தின் தடை ஏறிவிடும், ஃபியூசை எரிக்கிற அளவு கரண்ட் அதன் வழியாகப் போகாது. அந்த நேரம் ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிச் ஒன்றுதான்.

வயருக்கு வருவோம். லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கும் ஏசிக்கும் 7/0.67 (முதல் எண் வயருக்குள் எத்தனை இழை, அடுத்தது ஓர் இழையின் தடிப்பு மில்லிமீற்றரில்), அதுவரை எல்லா பாஸுக்கும் மனப்பாடம். தவறு நடப்பது கீழ் டிபியில் (எம்சிபிகள் இருக்கிற பெட்டி) இருந்து மேல்மாடி டிபிக்குப் போகிற வயரில். "மேலே இரண்டு அறைதானே" என்று 7/0.67ஐயே இழுத்துவிடுகிறார்கள். அது 2.5 சதுர மில்லிமீற்றர், ஒரு அம்பியர் ஒரு மீற்றர் போனால் 18 மில்லி வோல்ட் தின்னும். உங்கள் மீற்றர் கேற்றடிச் சுவரில், மேல்மாடி டிபிக்கு வயர் வளைந்து நெளிந்து 40 மீற்றர் என்று வையுங்கள், 20 அம்பியர் ஓடினால் 14.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்சார சபையின் கரண்டே 230இல் 6 சதவீதம் கூடிக் குறையலாம், பின்னேரம் லைன் கடைசியில் 216 வந்தால் உங்கள் ஏசிக்குக் கிடைப்பது 202. அது இரைந்துகொண்டு கிடக்கும், நீங்கள் ஏசிக் கொம்பனியைத் திட்டுவீர்கள். அதே தூரத்துக்கு 7/1.04 போட்டால் இழப்பு 6 வோல்ட்டுக்குள். வித்தியாசம் ஒரு சுருள் வயரின் விலை. ஏசி ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி எம்சிபி, ஹீற்றருக்கும் அப்படியே, 3500 வாட் ஹீற்றர் 15 அம்பியர் என்பதால் 7/0.67உம் 20 அம்பியர் எம்சிபியும் காணும், 5500 வாட் வகை என்றால் 24 அம்பியர், அதற்கு 7/1.04 போடுங்கள். பம்புக்கு மட்டும் சி வகை எம்சிபி கேளுங்கள், கிளம்பும்போது மோட்டர் ஒரு கணம் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும், பி வகை சிலவேளை அதிலேயே விழும், பிறகு "லோட் கூடிப்போச்சு" என்று இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பீர்கள்.

கடற்கரை வீட்டுக்கு இன்னொன்று. உப்புக் காற்று திருகுகளைத் தின்கிறது. பார்க்க இறுக்கமாக இருக்கும் இணைப்பில் பாசி பிடித்து 0.1 ஓம் தடை வந்துவிட்டால், 10 அம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 10 வாட் சூடு, 20 அம்பியரில் 40 வாட். கரண்ட் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. ஒரு நகம் அளவு இடத்தில் 40 வாட் என்றால் பிளாஸ்டிக் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான் பார்த்த கருகின பிளக் பொயின்ட்களில் பாதிக்கு மேல் இந்தச் சாதிதான், வீட்டின் மொத்த லோட் 10 அம்பியரைத் தாண்டியிருக்கவே மாட்டாது. வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்குவதற்கு முன்னால், மெயினை நிறுத்திவிட்டு டிபி திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள்.

என் கணக்கும் ஒருமுறை பிழைத்தது. சில வருடங்களுக்கு முன் பாலையூற்றில் ஒரு வீட்டுக்கு இரண்டு ஏசி, 30 அம்பியர் தாராளமாகக் காணும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். ஒன்பது மாதம் ஒரு குறையும் இல்லை. ஓகஸ்டில் கனடாவில் இருந்து மூன்று குடும்பம் வந்து இறங்கியது, வந்தவர்கள் வெக்கை தாங்காமல் ஹோலுக்கு இன்னொரு ஏசி வாங்கி மாட்டினார்கள், சமையல் காஸ் அடுப்பிலும் மின் அடுப்பிலுமாக இரண்டு பக்கம், தாங்கி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு இரவும் எட்டரைக்கு வீடு இருட்டு. வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை, ஆனால் ஒவ்வொரு எட்டரைக்கும் போன் எடுத்தார். நான் வீட்டில் இருப்பவர்களை எண்ணினேனே தவிர வரப்போகிறவர்களை எண்ணவில்லை. அன்றிலிருந்து கிடைத்த கூட்டுத்தொகைக்கு மேல் கால் பங்கு சேர்த்துத்தான் எழுதுவேன். உங்கள் 25.5க்கு கால் பங்கு சேர்த்தால் 32, ஹீற்றர் இல்லாமலே.

இப்போதைய கீழ்வீடு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். கிளாம்ப் மீற்றர் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து மெயின் வயரில் மாட்டிப் பாருங்கள், ஒரு வயரில் மட்டும், இரண்டையும் சேர்த்து மாட்டினால் பூச்சியம்தான் காட்டும். அது கிடைக்காவிட்டால் சபையின் டிஜிற்றல் மீற்றரே காணும். அதில் ஒரு சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 1600 என்று இருந்தால் பின்னேரம் 7 மணிக்குப் போய், பத்து மின்னலுக்கு எத்தனை செக்கன் என்று போனில் அளந்து, 22500ஐ அந்தச் செக்கனால் வகுங்கள், வருவது வாட். பத்து செக்கன் என்றால் 2250 வாட், நாலு செக்கன் என்றால் 5600. வேறு எண் இருந்தால் 3 கோடியே 60 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் 22500க்குப் பதிலாகப் போட வேண்டியது கிடைக்கும். நாலைந்து நாள், ஒரு விரத நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்து எழுதி வைத்தால் எந்த பாஸும் உங்களுக்கு முன்னால் வாய்க்கணக்கு விட மாட்டார்.

த்ரீ ஃபேஸ் எடுப்பதானால் ஒரு எச்சரிக்கை. 30 அம்பியர் த்ரீ ஃபேஸ் என்றால் 20.7 கிலோவாட், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபேசுக்கும் அதே 30தான். மேல்மாடி முழுவதையும் ஒரே ஃபேசில் கட்டிவிட்டால் இரண்டு ஏசி, இரண்டு ஹீற்றர், 40 அம்பியர், பழைய குருடி கதவைத் திறடி. நான் என்றால் முதல் அறையின் ஏசியும் ஹீற்றரும் ஒரு ஃபேசில், 20 அம்பியர். இரண்டாவது அறை இன்னொரு ஃபேசில், அதுவும் 20. மூன்றாவது ஃபேசில் மிச்சம் எல்லாம், அடுப்பு, ரைஸ் குக்கர், கேத்தல், லைட், ஃபேன் சேர்த்து 25க்குள் நிற்கும், பம்பும் சேர்ந்தால் 29. அது இறுக்கம், பம்பை முதல் அறையின் ஃபேசுக்கு மாற்றிவிடலாம், கீழ்வீட்டில் இருந்து தனி வயர்தானே. ஒரே அறைக்குள் இரண்டு ஃபேசைக் கொண்டுவர விடாதீர்கள், இரண்டு ஃபேசுக்கு இடையில் 400 வோல்ட். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற பொது வயர்) இணைப்பை நீங்களே பக்கத்தில் நின்று இறுக்க வையுங்கள், த்ரீ ஃபேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் லோட் குறைந்த ஃபேசில் வோல்டேஜ் ஏறி டிவியும் பிரிட்ஜும் ஒரே இரவில் போகும்.

ஆக, ஹீற்றர் இல்லை, பம்ப் நேரக் கருவியில் பகலில் ஓடும், பின்னேரம் சமையல் காஸில் என்று உங்களால் வாக்குக் கொடுக்க முடிந்தால் அடுப்பின் 2000ஐக் கழித்து 17 அம்பியர், கால் பங்கு சேர்த்தாலும் 21, இருக்கிற 30 காணும். இதில் அம்மாவின் வாக்கும் வேண்டும். உடனடி ஹீற்றர் என்றால் த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பியுங்கள், அதுவும் சுவர் பூசுவதற்கு முன்னால். ஹீற்றரை ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா, பெட்டியில் எத்தனை வாட் என்று பார்த்து எழுதுங்கள், மேல்மாடி வயர் அளவை அதற்குப் பிறகு முடிவு பண்ணலாம்.